பேதைமையும் ஆணவமும்



புத்தர் அவிச்சை என்றதும், மாயாவாத வேதாந்தியர் அவித்தை என்றதும், சித்தாந்திகள் ஆணவம் என்றதும் ஒருபொருள்மேல் வந்த மூன்று பெயர்களே என்பார் இக்காலத்துப் பலர். சமயங்களுக்குள் இணக்கம் காண்டல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் அங்ஙனம் கூறுவாரும் உளர். நூல்களை மேலெழப் புரட்டிக் கூறுவாரும் உளர். எண்ணம் நன்றாயினும் கூற்று ஆராயப்படுதல் வேண்டும். என்னை? நோய் இன்னதென்று துணிந்த வழியே மருந்தும் துணியப்படும். உயிர்க்குள்ள அறியாமை அறிவின் குறையொன்றே ஆயின், அறிவுநூல் கற்று அக்குறையை நிரப்பிக்கொள்ளலாம். குருவும் தீக்கையும் திருவருளும் மிகையாய் ஒழியும். மூன்றும் ஒன்றென்பார் தம்மை அறியாமலே இம்முடிபிற்கு வாயில் திறந்து வைக்கின்றனர்.

இவ்வழக்குத் தமிழ்நாட்டில் யாண்டு வன்மையாக நிகழ்ந்ததெனின், தொண்டை நாட்டில் என்க. காஞ்சி தொடங்கி மல்லைக் கடற்கரை வரை உள்ள நிலம் அது. செங்கற்பட்டு மாவட்டம் என்னும் ஒரு பெயருள் நெடுங்காலம் அடங்கியிருந்து, 2019 முதல் காஞ்சிபுரமும் செங்கற்பட்டுமாகப் பிரிந்து நிற்பது. கி. பி. 640 அளவில் காஞ்சியைக் கண்ட சீன யாத்திரிகர் யுவான்சுவாங், அங்கே 100 சங்காராமங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாக எழுதிவைத்தார். நாலந்தாவில் பேராசிரியராய் விளங்கிய தருமபாலர் பிறந்த ஊரும் காஞ்சியே என்பது அவர் கூற்று. பாலி உரையாசிரியராகிய புத்தகோசர், தாம் காஞ்சியில் தங்கியிருந்த செய்தியை உரையொன்றின் இறுதியிற் குறிக்கின்றார். இத்துணைப் பெரிய புத்த நிலையத்தின் நடுவே சைவம் தன் சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. ஆகலின் 'மலம்' என்னும் சொல் வாளா எழுந்ததன்று. எதிரியின் சொல்லை நன்கு கேட்டறிந்த பின்னர் அதனினும் ஆழ்ந்த தொன்றைச் சுட்டுதற்கு நிலைபெற்றது என்று கோடலே பொருந்தும்.

எதிரியின் சொல் யாது? அதனைத் தமிழில் அறிதற்கு மணிமேகலையே சாலும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1898-இல் அந்நூலை அச்சிட்டு உதவிய பின்னரே புத்தநூற் பொருள்கள் பல தமிழ்ப் புலவர்க்கு மீண்டும் விளங்கலாயின. அதன் முப்பதாங் காதையில், காஞ்சி மாநகரில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரு சார்புகளை உரைக்கின்றார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன அவை. அவிச்சை என்பதற்குப் 'பேதைமை' என்னும் தமிழ்ச்சொல்லைச் சாத்தனார் ஆண்ட திறம் பாராட்டத் தக்கது. அதற்கு அவர் கூறும் இலக்கணமும் கூரியது: சொல்லப்பட்ட உண்மைகளை உணராது மயங்கி, தானே கண்டறிந்ததை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்புண்டு எனப் பிறர் சொல்லக் கேட்டதைத் தெளிந்து கொள்வதே பேதைமையாம். இதில் மூன்று கூறுகள் உள. உணராமை ஒன்று, மயக்கம் ஒன்று, பொய்யை மெய்யெனத் துணிதல் ஒன்று. ஆகவே வெற்றுக் காணாமை என்ற அளவில் சாத்தனார் நிற்கவில்லை.

இவ்விடத்து நம்மவருட் சிலர் செய்யும் பிழையொன்றைச் சுட்டல் வேண்டும். "புத்தன் அறியாமையை அறிவின் இன்மை என்றான், இன்மை எதனையும் தோற்றுவிக்க மாட்டாது, ஆகவே அவன் கொள்கை வீழ்ந்தது" என்று இரண்டே சொல்லிற் கதை முடிப்பர். இது எதிரி கூறாததை மறுத்தலாம். வசுபந்து தம் அபிதரும கோசத்தில் இவ்வையத்தைத் தாமே எழுப்பி விடையும் கூறியுள்ளார். 'அமித்திரன்' என்றால் நட்பில்லாதவன் என்று மட்டும் பொருளன்று, பகைவன் என்பது பொருள். 'அநிருதம்' என்றால் மெய்யின் இன்மை மட்டுமன்று, பொய் என்பது பொருள். அவ்வாறே அவித்தையும் வித்தைக்கு மறுதலையாய் வேறு உள்ளதோர் தருமம் என்பது அவர் துணிபு. புத்தகோசரும் விசுத்திமார்க்கத்தில், அவிச்சை காரணமின்றித் தோன்றிய முதற் காரணமோ என வினவி, அன்று என மறுத்து, அதற்கும் சார்பு உண்டென நிறுவுகின்றார். அவிச்சைக்கு முன்னெல்லை காணப்படுவதில்லை என்பதும் அவர்கள் மறைமொழியே. உள்பொருள் என்றும், தொடக்கம் காணப்படாதது என்றும் அவர்களே கூறும்போது, இவ்விரண்டு அடையாளங்களை மட்டும் காட்டி ஆணவத்தை அவிச்சையினின்றும் பிரித்துவிட முடியாது. பிரிவு வேறிடத்தில் உள்ளது.

அறியாமை யாருக்கு என்பதே முதல் வினா. புத்தருக்கு நிலையான உயிரென ஒன்று இல்லை. கணந்தோறும் தோன்றி அழியும் உணர்வுகளின் தொடர்ச்சியே உண்டு. அவிச்சை அவ்வுணர்வோடு உடன்தோன்றும் ஒரு தருமம். ஆயின் நேற்று மயங்கியதும் இன்று தெளிந்ததும் ஒன்றோ வேறோ? ஒன்றெனின் கணபங்கம் கெடும். வேறெனின் கட்டுண்டவன் ஒருவன், வீடு பெற்றவன் மற்றொருவன் ஆவான். ஒன்றுமன்று வேறுமன்று, விளக்கின் சுடர் இரவு முழுதும் எரிந்தாற்போலத் தொடர்ச்சியே உண்டு என்று மிலிந்தனுக்கு நாகசேனர் கூறிய விடை புகழ் பெற்றது. உவமை அழகியது, எனினும் சுடர் தன்னை இருள் மறைத்ததென்று வருந்தாது, விடுதலை வேண்டித் துறவு பூணாது. வருந்துவான் ஒருவனைக் கொள்ளாமல் துன்ப ஒழிவு கூறுதல், நோயாளியை நீக்கிவிட்டு நோய்க்கு மருந்தரைத்தலை ஒக்கும்.

மாயாவாதியர்க்கும் இவ்விடர்ப்பாடு வேறு வகையில் உண்டு. அவித்தை உள்ளது என்றோ இல்லது என்றோ சொல்லவொண்ணாதது என்பர். மறைத்தலும் பலவாய்த் தோற்றுவித்தலும் அதன் இரு சத்தி என்பர். அது எதனைப் பற்றி நிற்கும் என்று கேட்டால் அவருள்ளே இரண்டு கட்சி. சீவனைப் பற்றும் என்பது பாமதியார் வழி. பிரமத்தையே பற்றும் என்பது விவரணத்தார் வழி. முன்னதில், அவித்தையால் வந்த சீவனே அவித்தைக்கு இடமாதல் என்னும் குற்றம்; பின்னதில், பேரறிவையே அறியாமை கவ்வும் என்னும் குற்றம். இதனை விரிப்பிற் பெருகும்.

இனி ஆணவத்துக்கு வருவோம். இச்சொல்லுக்கு நேர்ந்த கேடு வேறெச் சொல்லுக்கும் நேர்ந்திலது எனலாம். உலகவழக்கில் ஆணவம் என்றால் செருக்கு. 'அவன் ஆணவம் பிடித்தவன்' என்று தெருவிற் பேசுகிறோம். அவ்வழக்கை மனத்திற் கொண்டு சாத்திரம் படிப்பவர், செருக்கை விட்டால் ஆணவமலம் நீங்கிற்று என்று எண்ணிவிடுகின்றனர். நீறணிந்து, கைகுவித்து, பணிமொழி பேசுவான் ஒருவனுக்கு மூலமலம் கழன்றதென்று கொள்ளுதல் எவ்வளவு எளிது! உயிரை அணுத்தன்மைப் படுத்துவது ஆணவம். வியாபகமான உயிரின் அறிவையும் தொழிலையும் குறுக்குவது என்பதே பொருள். உறக்கத்தை நினைத்தால் இது தெளிவாகும். செருக்கன் ஒருவன் ஆழ்ந்து உறங்குங்கால் அவனிடம் செருக்கு ஒரு சிறிதும் இல்லை. யான் என்பதும் எனது என்பதும் அப்போது எழா. ஆயினும் அறியாமை முழுதும் மூடிய நிலை அதுவே அன்றோ? கருவிகளோடு கூடிய சகலநிலையில் மட்டும் தலைகாட்டும் செருக்கு, கேவலநிலையிலும் முற்ற மறைத்து நிற்கும் மலத்தின் ஒரு செயலாகுமே அன்றி மலமேயாக மாட்டாது.

அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் இதனைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிட்டார். களிம்பு செம்போடு என்று வந்தது என்பார்க்கு விடையில்லை. செம்பு உள்ள அன்றே அதுவும் உண்டு. எனினும் களிம்பு செம்பின் குணமன்று. அறியாமை உயிரின் குணமேயாக, மலம் என வேறொன்று எதற்கு என வினவினார்க்கு அவர் கூறிய விடையும் இதுவே: அறியாமை குணமாயின் உயிர் சடமாய்விடும், குருடனுடைய கண்ணிலுள்ள குற்றத்தைக் கண்ணுக்கு இயல்பான குணம் என்பார் யார்? குற்றம் படலத்தினது, காண்டல் கண்ணினது. அவ்வாறே அறியாமை மலத்தின் குணம். அறிதல் உயிரின் குணம். அறியாமைக்கு முதலாய்ப் பொருளொன்று உண்டு என்று துணியும் இவ்விடத்திற்றான் சித்தாந்தம் புத்தரையும் மாயாவாதியரையும் விட்டுப் பிரிகின்றது.

உமாபதி சிவம் இதனினும் ஓர் அடி முன்சென்றார். திருவருட்பயனில் 'இருண்மல நிலை' என ஓர் அதிகாரமே வகுத்து, புறவிருளினும் இவ்விருள் கொடியது என்பதற்குக் காரணம் கூறுகின்றார். புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். 'இருட்டாய் இருக்கிறது' என்றாவது நாம் அறிவோம். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. பலரோடு கூடியும் தன் கணவனுக்குக்கூட முகங்காட்டாத ஒருத்தியின் விந்தையான கற்போடு அவர் இதனை ஒப்பிடும் நயம் கற்றார் உள்ளத்தை விட்டு அகலாது. சாத்தனார் கூறிய பேதைமையை இதனருகே வைத்துப் பார்க்க. முயற்கொம்பை உண்டென நம்புபவனுக்கு முயலைக் காட்டினால் பேதைமை தீரும். தன் நோயை நோயென்றே அறியாதவனுக்கு எதனைக் காட்டுவது? யார் காட்டுவது?

மாயையும் இருளும் ஒன்றென்பார்க்கு விடை கூறும் வழியில் சித்தியார் தரும் வண்ணான் உவமையும் ஈண்டு நினைக்கத் தக்கது. அழுக்குத் துணியில் சாணமும் உவர்மண்ணும் சேர்த்து வெளுக்கின்றான். சேர்ப்பனவும் அழுக்கே, எனினும் அவற்றால் பழைய அழுக்குக் கழிகின்றது. அவ்வாறே இறைவன் உடல், கருவி, உலகு, நுகர்வு ஆகிய மாயா காரியங்களைக் கூட்டி மூலமலத்தைக் கழிப்பிக்கின்றான். கடற்கரை உவர்நிலத்தை அறிந்தார்க்கு இவ்வுவமை விளக்க வேண்டாதது. உடம்பும் உலகும் துன்பத் தொடர்ச்சியின் கண்ணிகள் என்றே பன்னிரு சார்பு கூறும். இங்கோ அவை வெளுப்பவன் கையிலுள்ள கருவிகள். மாயை மறைப்பதன்று, இருளில் ஏற்றிய விளக்குப் போல இயன்ற மட்டும் காட்டுவது. மாயையும் அவித்தையும் ஒன்றெனக் கொண்டு உலகை வெறுப்பார் இவ்விடத்தை மீண்டும் ஓதுவாராக.

'இரண்டும் ஒன்றே' என்னும் கூற்று இந்நிலத்துக்குப் புதியதன்று. 600 முதல் 630 அளவில் ஆண்ட மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகை நாடகம் காஞ்சித் தெருவில் நடப்பது. 1917-இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் அதனை அச்சிட்டார். அதில் சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்தபிக்கு ஒருவனைக் கள்வன் என்று பற்றுகின்றான். அப்போது, வேதாந்தங்களிலிருந்தும் பாரதத்திலிருந்தும் பொருள்களைத் திருடித் தன் பண்டாரத்தை நிரப்பிக்கொண்டவன் அல்லனோ உங்கள் புத்தன் என்று ஏசுகின்றான். பிக்குவுக்கு நாகசேனன் என்று பெயர் வைத்தது மிலிந்தன் ஆசிரியரை நினைந்த குறும்பு போலும். அவனும், மதுவையும் மாதரையும் புத்தர் விலக்கியிருக்க மாட்டார், கிழப்பிக்குகள் ஏட்டிலிருந்து அப்பகுதியை அழித்துவிட்டனர் என்று ஐயுறுபவன். கபாலமோ நாயின் வாயிற் பட்டு ஒரு பித்தன் கையிற் கிடக்கின்றது. குடிவெறியில் இருப்பவன் வாயிலிருந்து வந்த அத்திருட்டுக் குற்றச்சாட்டை இன்றும் சிலர் வரலாறு போல எடுத்தோதுவது வியப்பே. மகேந்திரன் அதனை நகைத்தற்கென்று வைத்தான். பொருள் களவு போனதென்றால் இரண்டிடத்தும் ஒரே பொருள் இருத்தல் வேண்டும். அஃது இல்லை என்பதை மேலே கண்டோம்.

மகேந்திரன் காலத்தில் நகையாய் இருந்தது அவன் வழியினர் காலத்தில் கல்லெழுத்தாயிற்று. மாமல்லபுரத்தில் தருமராச மண்டபம், கணேச இரதம், இராமாநுச மண்டபம் என மூன்றிடத்தும் ஒரு வடமொழிச் செய்யுள் பொறிக்கப்பட்டுள்ளது. தீநெறிச் செலவினின்றும் விடுவிப்பவனாகிய உருத்திரன் எவர் உள்ளத்தில் உறையவில்லையோ அவரை, 'திக்' என்னும் சொல்லை ஆறுமுறை அடுக்கிக் கூறுவது அது. பிற்காலத்தார் இராமாநுச மண்டபத்துச் சைவச் சிற்பங்களை உளியாற் கொத்தி அழித்தும், எழுத்தில் ஒரு பகுதி பிழைத்துக் கிடக்கின்றது. இக்குடைவரைகள் எந்தப் பல்லவனுடையன என்பதில் அறிஞர் வேறுபடுவர், அது நிற்க. மேனாட்டுப் பதிப்பாளர் 'திக்' என்பதைச் சாபமாக மொழிபெயர்த்தனர். அதனைக் கொண்டு பல்லவர் சைவம் பிறரைச் சபிக்கும் சைவம் என்று எழுதினாரும் உளர். வடமொழியில் 'திக்' நிந்தையும் இரக்கமும் கலந்த இடைச்சொல். 'அந்தோ, சீ' என்பது போல்வது. சாபத்துக்கு வேறு வாய்பாடு உண்டு. அன்றியும் செய்யுளின் உயிர் 'திக்' என்பதில் இல்லை, உருத்திரனுக்குக் கொடுத்த அடைமொழியில் உள்ளது. தீநெறியிற் செல்வான் தானே மீள்வான் என்று அது கூறவில்லை. விடுவிப்பவன் ஒருவன் உளன், அவன் உறையுமிடம் உள்ளம் என்கின்றது. ஆணவக் கொள்கையின் சாரம் கடற்காற்று வீசும் பாறையில் அந்நாளிலேயே இறங்கிவிட்டது.

கடற்கரைக் கோயிலை எடுத்த இராசசிம்மன் (சுமார் 700–728) காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டி, அதன் விமானத்தைச் சூழ வடமொழிச் செய்யுட்களைப் பொறித்தான். அவற்றுள் ஒன்று அவனைச் சைவசித்தாந்த மார்க்கத்தில் மலம் அனைத்தும் தேயப்பெற்றவன் என்று கூறும். 'சைவசித்தாந்தம்' என்னும் பெயரும் 'மலம்' என்னும் சொல்லும் ஒரே செய்யுளிற் சேர்ந்து நிற்பதை நோக்குக. யுவான்சுவாங் 10,000 பிக்குகளைக் கண்ட அதே நகரில், நூறாண்டுக்குள், அவித்தை தேய்ந்தது என்னாமல் மலம் தேய்ந்தது என்று அரசன் எழுதுவித்தான். மெய்கண்டார்க்கு ஐந்நூறாண்டு முற்பட்ட சான்று இது.

இனி இரண்டாம் வினா: அறியாமையை நீக்குவார் யார்? மணிமேகலையே இதற்கு ஒரு வகையில் நம் பக்கம் சான்று பகர்கின்றாள். வஞ்சியில் மாற்றுருக் கொண்டு சமயக் கணக்கர் அனைவரிடமும் சென்று கேட்டாள், சைவவாதியையும் கேட்டாள். கேள்வியால் தெளிவு வரவில்லை. காஞ்சியில் அறவண அடிகள் உணர்த்திய பின்னரே வந்தது. அடிகளுக்கு உணர்த்தியது புத்தர் அறம். புத்தருக்கு உணர்த்தியவர் யார்? ஆசிரியர் இன்றித் தாமே உணர்ந்தார் என்பர். முற்பிறவிகளில் முந்தைய புத்தர்களை வழிபட்டு நிறைத்த பாரமிதைகளால் உணர்ந்தார் என்றும் கூறுவர். முந்தையோர்க்கும் இதுவே விடை. குருடர் ஒருவர் ஒருவரைப் பற்றிச் செல்லும் வரிசைக்கு மறையவர்களை உவமித்தவர் புத்தர். அவ்வுவமை இங்குத் திரும்பி வருகின்றது. வரிசையில் ஒவ்வொருவரும் தாமே கண் பெற்றவர் என்று அவர் விடுப்பாராயின், அவரைத் தொடக்கமின்றிப் பற்றி நின்ற பேதைமை, மறைக்கப்பட்டவனே கிழித்துக்கொள்ளும் மெல்லிய திரையாய் முடியும். படலம் படர்ந்த கண் தன் படலத்தைத் தானே அரிந்தெடுப்பதில்லை. மருத்துவன் கை வேண்டும். ஆகமங்கள் மலத்தைத் திரவியம் என்று கூறித் தீக்கையால் நீங்கும் என்றது இதனாலேயே. மலமே தொடாதவன் ஒருவன் அநாதியே இருந்தாலன்றி மலமுடையார் ஒருவர்க்கும் விடிவில்லை.

கல்பாக்கம் செல்லும் வழிப்போக்கர்க்கும் கண்ணிற் படும் திருக்கழுக்குன்றத்தில் மணிவாசகர் அருளிய பதிகத்தில், பாட்டுத்தோறும் முடிபாய் வருவது இறைவன் காட்டினான் என்னும் பொருளே. 'யான் கண்டேன்' என்று அவர் முடிக்கவில்லை. கண்ணுக்கு உயிர் காட்டினாலன்றிக் காட்சியில்லை. உயிர்க்குச் சிவம் காட்டினாலன்றி உணர்வில்லை என்பது சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரக் கருத்து.

இவ்வாராய்ச்சி முழுதும் ஒருவர் வரலாற்றில் ஒடுங்கி நிற்பதைத் தொண்டை நாட்டவராகிய சேக்கிழாரே காட்டினார். சங்கமங்கையிற் பிறந்து, காஞ்சி சென்று, புத்த நூல்களைக் கற்றுச் சீவரம் உடுத்த சாக்கிய நாயனார் அவர். செய்வான், செய்வினை, அதன் பயன் என்னும் மூன்றளவில் ஏனை நெறிகள் நிற்க, பயனைக் கொடுப்பவன் என்னும் நான்காவதைச் சைவமே கூறுகின்றது என்று அவர் தெளிந்தார். அத்தெளிவும் அரன் அருளால் வந்தது என்று சேக்கிழார் குறிக்கத் தவறவில்லை. மூன்றை எண்ணிப் பெற்றவர் நான்காவதைப் பெற்றது எண்ணத்தால் மட்டுமன்று. அங்ஙனம் தெளிந்த பின்னரும் அவர் சீவரத்தைக் களையவில்லை. எந்நிலையில் நின்றாலும் சிவனடி மறவாமையே பொருள் என்றிருந்தார். வெளியிடத்து இலிங்கத்தைக் கண்டு உவகை மிக்கு, செய்வதறியாது அருகிற் கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அதுவும் திருவருட் குறிப்பெனக் கொண்டு நாளும் எறிந்தபின் உண்பதை நியமமாக்கினார். ஒருநாள் மறந்து உண்ணப் புக்கவர், நினைவு வந்தபோது பசியோடு ஓடினார்.

கண்டவர் இதனைப் பேதைமை என்பர். சிறு குழவி செய்யும் வன்செயலைத் தந்தை தாயர் இன்பமாகக் கொள்வது போல இறைவன் கொண்டான் என்பர் சேக்கிழார். சகலர்க்குக் குருவடிவில் வந்தே அருள்வன் என்பது சாத்திரம். சாக்கியர்க்கு அக்குரு யாண்டு என்று வினவலாம். புறச்சமயங்களில் நின்று ஒழுகுதலையும் மேலேறும் படிகளுள் ஒன்றாகச் சித்தியார் வைத்தது. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வருவோன் மாதொருபாகனே என்றும் கூறிற்று. அதனோடு வைத்து நோக்கின், அவர் கற்ற புத்தநூலின் வழியேயும் அருள் உள்நின்று உணர்த்திற்று எனல் இழுக்காது. மல்லைக் கல்லின் நிந்தை இச்சீவரத்தாரைத் தொடுமோ எனின், தொடாது. அச்செய்யுள் எவர் உடையில் என்று கேட்கவில்லை. எவர் உள்ளத்தில் என்றே கேட்கின்றது.